விசையை அழுத்தாத விரல்

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். என் அம்மாவிடம் காட்டவே காட்டாதீர்கள். நாளைப் பள்ளி விழாவில் பேசவேண்டிய பேச்சை டீச்சர் எழுதிக் கொடுத்துவிட்டார். நானும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் மேடை ஏறியதும் பேசப்போவது இதைத்தான். பயமாக இருக்கிறது. அதனால்தான் முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

அவைக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியை அவர்களே! படைக்கு எந்த ஆயுதம் வாங்கலாம் என்று முடிவு செய்யும் பெரும்பொறுப்பில் இருந்தும், எங்கள் சிறு பள்ளிக்கு வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே! தொழிற்சாலை மேலாளர் அவர்களே! ஆலைச் சங்கு ஊதுமுன் அடுப்பை மூட்டி, ஊதியபின் ஓட்டமும் நடையுமாய் வேலைக்கு விரையும் தாய்மார்களே! முன்வரிசைக்குச் சண்டை போட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் தோழிகளே! அனைவருக்கும் வணக்கம்.

'நம் தோளில் நம் ஏவுகணை.' இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. எது நம் ஏவுகணை? ஒரே ஒரு ஆள் தோளில் சுமந்து நின்று, தாழப் பறந்து வரும் பகை விமானத்தை வீழ்த்தும் கருவி. நேற்றுவரை அதைக் கடல் கடந்து வாங்கினோம். பழுதானால் கைகட்டிக் காத்திருந்தோம். இன்று அதன் கண்ணைப் பொருத்துவது யார்? எங்கள் தெருப் பெண்கள்! அதன் குழாயைக் கடைவது யார்? எங்கள் தெரு ஆண்கள்! அதைத் தோளில் ஏற்றிச் சோதிப்பது யார்? என் அப்பா!

ஆமாம், அவரேதான். 'கைநடுங்கி' என்று பெயர் வைத்தீர்களே, அவர்தான். பின்வரிசையில் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

துப்பாக்கிக்காரர் ஒரு கண்ணை மூடிக் குறிபார்ப்பார். தோள் ஏவுகணைக்கு அது ஆகாது. இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். ஒன்று குறிக்கு, மற்றொன்று வானத்துக்கு. அப்பா துடைப்பத்தைத் தோளில் வைத்து எனக்குச் சொல்லிக்கொடுப்பார். நான் ஒரு கண்ணைச் சுருக்கினால் உச்சியில் குட்டு விழும்.

"என்னடி, வானத்தைப் பார்த்துக் கண்ணடிக்கிறே? ரெண்டையும் தொற!"

உடனே சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுப்பார். "தொடப்பத்தை எடுத்தது எடுத்தீங்க, அப்படியே வீட்டையும் கூட்டிடுங்க!"

சோதனை நாளுக்கு வருகிறேன். திடலில் பந்தல் போட்டு ஊரே கூடியிருந்தது. இலக்காக ஆளில்லாத சிறு விமானம் ஒன்று பறந்தது. அப்பா வாயுக்குப்பியைத் திருகினார். அந்த வாயுதான் சூட்டைத் தேடும் ஏவுகணையின் கண்ணைக் குளிரவைக்கும். ஒரு நிமிடம்கூடத் தாங்காது. காதருகே ரீங்காரம் எழுந்தது. ஏவுகணை அப்படிப் பாடினால் இலக்கு சிக்கிவிட்டது என்று பொருள்! பந்தலே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அப்பாவின் விரல் விசையின் மேல். அப்போதுதான் மற்றொரு கண்ணில் அது பட்டது. இலக்குக்குப் பின்னால், மலைச்சரிவை ஒட்டித் தாழ வந்துகொண்டிருந்தது ஒரு ஹெலிகாப்டர். பந்தலின் கூரை மறைத்ததால் உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

ஏவுகணைக்குப் பகைவனைத் தெரியுமா? விருந்தாளியைத் தெரியுமா? அதற்குத் தெரிந்ததெல்லாம் சூடு, சூடு, சூடு ஒன்றுதான்! சின்னச் சூட்டை விட்டுப் பெரிய சூட்டைத் தேடிப் போனால் திருப்பி அழைக்க முடியுமா? போ என்றால் போகவும் வா என்றால் வரவும் அது என்ன வளர்த்த நாயா? அப்பா விரலை எடுத்தார். குழாயைத் தாழ்த்தினார். குப்பியும் தீர்ந்துபோனது. பந்தலில் சிரிப்பொலி கிளம்பியது.

சிறப்பு விருந்தினர் அவர்களே, அந்த ஹெலிகாப்டரில் வந்தவர் நீங்கள். நேரமாகிவிட்டதென்று திடலுக்கு மேலேயே குறுக்குவழியில் வரச் சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு அது தெரியாது. இறங்கியதும் 'சுடுகிறவருக்குக் கை நடுங்கிவிட்டது' என்றார்கள். நீங்களும் 'ஐயோ பாவம்' என்றீர்கள்.

மேலாளர் அவர்களே, எழுந்துவிடாதீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. பயம் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். அன்று மாலை எங்கள் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அம்மா தந்த தண்ணீரைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நீங்கள் பேசியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"அண்ணே, அந்த வழியைச் சொன்னது நான்தான். வெளிய தெரிஞ்சா திடலையே மூடிருவாங்க. ஏவுகணை சரியில்லைன்னு சொன்னாலோ, ஆர்டர் வெளிநாட்டுக்குப் போயிரும். கை நடுங்குச்சுன்னு ஸ்கூல் விழா மேடையில நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா, தெரு பொழைச்சுக்கும்."

"இவர் பொழைப்பு?" என்றார் அம்மா. "நடுங்குற கையில யாரு வேலையைக் குடுப்பாங்க? டீ கிளாஸைக்கூட யோசிச்சுத்தான் குடுப்பாங்க!"

"விடு," என்றார் அப்பா. "ஏவுகணை மேல பழி வராம இருந்தாப் போதும். நல்லாத்தான் பாடுச்சு, பாவம்."

பெரியோர்களே! அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான், எனக்கு அடுத்துப் பேச, அதோ என் அப்பா காத்திருக்கிறார். சொல்ல விடலாமா? சொந்த மண்ணில் செய்தோம், சொந்த மண்ணில் செய்தோம் என்று மார்தட்டுகிறோமே, குழாயை மட்டுமா செய்தோம்? அதைத் தாங்கும் தோளையும் இந்த ஊர்தான் செய்தது. அழுத்து அழுத்து என்று ஊரே காத்திருந்தபோதும் அழுத்தாமல் நின்ற விரலையும் இந்த ஊர்தான் செய்தது. அந்த விரலை எந்த நாட்டில் விலைக்கு வாங்குவீர்கள்? எந்தக் கப்பலில் இறக்குவீர்கள்?

ஐயா, இன்னொரு குப்பி கொடுங்கள். அதே தோளில் அதே குழாயை ஏற்றுங்கள். வானத்தை மட்டும் காலியாக வையுங்கள். இலக்கு விழுகிறதா இல்லையா, நீங்களே பாருங்கள்!

இவ்வளவு நேரம் என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட பெரியோர்களுக்கும், திட்டுவதற்கு வீட்டில் காத்திருக்கப்போகும் அம்மாவுக்கும், என்...

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"கண்ணு, தூங்கலையா? நாளைக்கு நான் மேடையில பேசறப்போ என் பக்கம் பாக்காதேம்மா. நீ பாத்தா எனக்கு அதைச் சொல்ல வராது."

நான் பார்ப்பேன் அப்பா, இரண்டு கண்ணையும் திறந்து.