நாலு பிளக்கும் ஒரு ஸ்கூட்டரும்

— வேணாம்னா விடுங்க மாப்பிள்ளை. அந்த டப்பாவை அலமாரியிலயே வைங்க.

— என்ன மாமா இப்படிச் சொல்றீங்க? உங்க கார் பொறந்த வருஷத்து ஸ்பார்க் பிளக். பிரிக்காத டப்பா. இதுக்காக ஏழு கடை ஏறி இறங்கியிருக்கேன். மோந்து பாருங்க, அந்தக் காலத்துக் காகித வாசனை அப்படியே இருக்கு.

— அழகாத்தான் இருக்கு. அதாவது, எனக்கு இப்ப அழகு வேணாம். தினம் ஓட்டுற வண்டிக்குப் போடுவீங்களே, அந்தப் புது பிளக் நாலு போடுங்க.

— யாரு, நீங்களா கேக்கறது? ஒரே ஒரு திருகாணி புதுசா போட்டதுக்கு என்கிட்ட மூணு மாசம் பேசாம இருந்தவர்! அடுத்த வாரம் பழைய கார் கண்காட்சி. நடுவர் பானெட்டைத் திறந்து புது பிளக்கைப் பார்த்தா, வருஷா வருஷம் வாங்கற கோப்பை அம்பேல்.

— போகட்டும்.

— காய்ச்சலா மாமா? முதல்ல உட்காருங்க. வந்ததுலேருந்து நிலைகொள்ளாம நடக்கறீங்க. சட்டைப் பையை வேற தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க. அதுல என்ன, மாத்திரையா?

— ஒண்ணுமில்ல, ஒரு கவர். நீங்க வேலையைப் பாருங்க. அஞ்சு மணிக்குள்ள நான் வீட்டுல இருக்கணும்.

— சரி, பழசைக் கழட்டறேன். இருங்க, இறுகிப் போய்க் கிடக்கு... ம், வந்துடுச்சு. அட!

— என்ன அட?

— மாமா, இந்த வண்டி வாரத்துக்கு ஒரு தடவை தெருவைச் சுத்திட்டு வர்றதுதானே?

— அதாவது... ஆமா.

— அப்படின்னா நுனியில கரி அப்பியிருக்கணும். மெதுவா, கொஞ்ச தூரமே போற வண்டியில கரி எரியாம அதுலயே தங்கிடும். இது என்னடான்னா வெளுத்துப் போயிருக்கு. தினம் நூறு கிலோமீட்டர், அதுவும் விரட்டி ஓட்டினாத்தான் இப்படி வேகும்.

— காத்துல வெளுத்திருக்கும்.

— காத்துலயா! யார்கிட்ட கதை விடறீங்க? சீட்டைப் பாருங்க, எவ்வளவு முன்னால இழுத்திருக்கு. உங்க உயரத்துக்கு இதுல உட்கார்ந்தா முழங்கால் தாடையில இடிக்கும். சொல்லுங்க, யார் ஓட்டறது?

— அதாவது...

— அவளா?

— அவதான்.

— உங்க பொண்ணா! கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினாலே அவளை அந்தக் கத்து கத்துவீங்களே.

— கத்தினேன். இப்ப நானே சாவியை எடுத்துக் குடுத்தேன். அம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு லேப்ல வேலை கிடைச்சிருக்கு அவளுக்கு. காலையில போய் சாயங்காலம் வர்றா. முந்தாநாள் பெரிய ரோட்டுல, லாரிக்கு நடுவுல, வண்டி திணறி நின்னுடுச்சாம்.

— நிக்காம என்ன பண்ணும்? இந்த பிளக் மெதுவா போற காலத்துக்குச் செஞ்சது. இந்த ஓட்டத்துக்குச் சூடு தாங்காது. புதுசு சூட்டைச் சட்டுன்னு வெளியே தள்ளிடும். பழசு பழசாவே இருக்கணும்னு நீங்கதானே அடம்பிடிச்சீங்க?

— பிடிச்சேன். என் பொண்ணு தனியா உட்கார்ந்து ஓட்டாத வரைக்கும் பிடிச்சேன்.

— சரி, புதுசே போடறேன். கண்காட்சிக்கு முதல் நாள் வாங்க, பழசை மாட்டித் தர்றேன். அரை மணி நேர வேலைதான்.

— கண்காட்சி அன்னைக்கும் அவளுக்கு டியூட்டி. வண்டி அவகூடத்தான் போகும்.

— எப்படி இருக்கா மாமா?

— இருக்கா.

— அவ கோவிச்சுக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்த இந்த ரெண்டு மாசமா இதே பதில்தான். போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறா. வாசல்ல வந்து நின்னா உள்ளே போயிடறா. நான் என்ன குடிச்சேனா, அடிச்சேனா?

— அதைத்தான் நானும் கேட்டேன். ‘ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் ஓடுதுப்பா, என் ஸ்கூட்டர் மட்டும் எட்டு மாசமா மூலையில கிடக்கு’ன்னா. நாளைக்கு, நாளைக்குன்னீங்களாம். ரெண்டு பஸ் மாறிப் போய், லேட்டாகி லேட்டாகி, பழைய வேலையே போச்சு. வேலை போனது உங்களுக்குத் தெரியவே ஒரு வாரம் ஆச்சாமே?

— தப்புதான் மாமா. கஸ்டமர் கத்துவான், அவ கத்த மாட்டா. அதனால அவ வண்டியைத் தள்ளித் தள்ளி வச்சுட்டேன்.

— ம்.

— எதுக்கு அந்த மூலையையே பாக்கறீங்க?

— தார்ப்பாய்க்கு அடியில இருக்கறது அதுதானே? இன்னும் அப்படியேதான் கிடக்குதா?

— அது கிடக்கட்டும். அந்தப் புது பிளக்கை எடுங்க இப்படி.

— மாப்பிள்ளை, நான் கேட்டேனே.

— விடுங்களேன் மாமா.

— விட முடியாது. நகருங்க. நானே தூக்கிப் பாக்கறேன். ஸ்பானரைக் குடுங்க, ஒரு பிளக் கழட்ட எனக்கும் தெரியும்.

— ஐயோ, சட்டையெல்லாம் கறையாகும் மாமா...

— ஆகட்டும். இந்தா, வந்துடுச்சு. கன்னங்கரேல்னு இருக்கே! கரி அப்பிக் கிடக்கு. இதுக்கு என்ன அர்த்தம்? இப்பதானே எனக்குப் பாடம் எடுத்தீங்க, சொல்லுங்க.

— நின்ன இடத்துலயே ஸ்டார்ட் பண்ணினா அப்படித்தான் ஆகும். தினம் காலையில கடை திறந்ததும் அஞ்சு நிமிஷம் ஓட விடுவேன்.

— அப்ப இது ஓடுது!

— அவ போன மூணாம் நாளே ரெடி பண்ணிட்டேன். ஒரு நாள் வேலை மாமா. எட்டு மாசம் தள்ளிப்போட்டது ஒரே நாள்ல முடிஞ்சுது. எனக்கே வெக்கமா இருந்துச்சு.

— நல்ல மனுஷன்யா நீங்க! ரெடியானதைக் கொண்டு வந்து குடுக்கறதுக்கு என்ன?

— குடுத்துட்டா, அவ இங்க வர்றதுக்கு என்ன மாமா இருக்கு? துணிமணியெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டா. அவளோடதுன்னு என்கிட்ட மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். என்னைக்காவது ஒருநாள் ‘என் வண்டி எங்க’ன்னு சண்டை போடவாவது வருவாள்ல.

— அவ வரமாட்டா.

— தெரியும். இருந்தாலும்...

— என்ன தெரியும் உங்களுக்கு? நான் இங்க வந்ததுலேருந்து எப்படித் தவிச்சுக்கிட்டு நிக்கறேன்னு தெரியுமா?

— நாலு பிளக் மாத்தறதுக்கு என்ன மாமா தவிப்பு?

— பிளக்கை எங்க வேணா மாத்தலாம் மாப்பிள்ளை. ‘அவர்கிட்டயே போப்பா’ன்னு என்னை அனுப்பினதே அவதான். ‘தார்ப்பாயைத் தூக்கிப் பாரு. என் ஸ்கூட்டர் ஓடுச்சுன்னா, அதை அவரையே ஓட்டிட்டு வரச் சொல்லு. ஓடலைன்னா இந்தக் கவரை அவர் கையில குடுத்துட்டு வந்துடு’ன்னா. வக்கீல் கவர், விவாகரத்துக்குக் கையெழுத்தெல்லாம் போட்டு வச்சிருக்கா. இன்னைக்கு லீவு போட்டிருக்கா, அஞ்சு மணிக்கு வாசல்ல நிப்பா. அந்தக் கரி பிளக்கைத் துடைச்சு மாட்டுங்க.