இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரு சர்வர்

அம்பாசமுத்திரம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் அரிசி ஆலைக்காரர். மற்றவர், அவருடைய ஆலைக்கு ரிப்பேர் பார்க்கப் போகிற கம்ப்யூட்டர்காரர். சேரன்மகாதேவி தாண்டியதும் கம்ப்யூட்டர்காரர் கேட்டார்.

"இருக்கது ரெண்டு கம்ப்யூட்டர். அதுக்கு எதுக்கு அண்ணாச்சி சர்வர்?"

"மதுரைக்காரன் ஒரே பெட்டியாக் குடுத்தான் வே. மெயிலு, ஃபேக்ஸு, டேட்டாபேஸு, இன்டர்நெட்டு, எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு."

"இதுல எதெல்லாம் ஓட்டுதிய?"

"மெயிலு மட்டும்."

"யாருக்கு அனுப்புதிய?"

"என் தம்பிக்கு."

"அவரு எந்த ஊர்ல இருக்காரு?"

"எதுத்த மேசையில."

"பையக் கூப்பிட்டாலே கேக்குமே அண்ணாச்சி!"

"நாங்க பேசி ஆறு வருசமாச்சு."

வீரவநல்லூர் வந்தது. நான் இறங்க வேண்டிய ஊர். உட்கார்ந்தே இருந்தேன்.

"முன்னால கணக்கப்பிள்ளை நடுவுல நின்னு, அவன் சொன்னத எங்கிட்டயும் நான் சொன்னத அவங்கிட்டயும் சொல்லுவாரு. அவரு வேலைய விட்டுட்டுப் போயிட்டாரு. அதான் சர்வர் வாங்கினோம்."

"அப்ப மத்ததெல்லாம் தண்டந்தான?"

"கணக்கப்பிள்ளைக்குந்தான் சோசியம், வைத்தியம் எல்லாம் தெரியும். நாங்க கேட்டமா?"

"சரி, சர்வர் நின்னது எப்படித் தெரிஞ்சுது?"

"நேத்து மத்தியானம் தம்பி எந்திரிச்சு என் மேசைக்கு வந்தான். 'அண்ணே, சர்வர் நின்னுபோச்சு'ன்னான்."

கம்ப்யூட்டர்காரர் அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஆறு வருசம் கழிச்சா? நீங்க என்ன சொன்னிய?"

"பதில் அடிச்சு வச்சிருக்கேன் வே. நீரு வந்து சரிபண்ணினாத்தான் போகும்."