சூளை ஆறும் வரை

மனைவி: …அப்ப இந்தச் செங்கல்லைச் சுத்தி மட்டும் ஈரமா இருக்கே, அது எப்படி?

கணவன்: எந்தச் செங்கல்?

மனைவி: சூளை வாசல்ல, மூணாவது வரிசை. முந்தாநாள் நான் பூசின மண்ணு காஞ்சு கல்லாயிருந்துது. இது இப்பதான் பூசினது.

கணவன்: பனி விழுந்திருக்கும்.

மனைவி: பனிக்குக் கைரேகை உண்டா?

கணவன்: …எங்க மாமா ஒருத்தர், சூளை ஆறறதுக்குள்ள செங்கல்லை உருவிட்டார். அடிச்ச அனல்ல மீசை பறந்து, பக்கத்து வீட்டுக்காரர் மூஞ்சில ஒட்டிக்கிச்சு.

மனைவி: திறந்தீங்களா, இல்லையா?

கணவன்: அவருக்கு அது நல்லா எடுப்பா இருந்துது. திருப்பிக் கேட்டா தரமாட்டேன்னுட்டார்.

மனைவி: என்னைச் சிரிக்க வைக்கப் பாக்காதீங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரியும்ல?

கணவன்: நாப்பது கோப்பை, ஆறு பூந்தொட்டி…

மனைவி: அப்புறம்?

கணவன்: …நம்ம குட்டியோட கை.

மனைவி: ம்.

கணவன்: ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்குக் காலையில, ஈரமண் பலகையில அப்படியே அமுக்கிட்டு ஓடினா. நான்கூட அதட்டினேன்… இன்னொண்ணு பதிக்க இனிமே அவளும் இல்ல.

மனைவி: சுட்டு வச்சாதான் நிலைக்கும்னு நாலு மாசமா நச்சரிச்சது நீங்க. மூணு நாள் ஆறணும், யாரும் கிட்ட வரக்கூடாதுன்னு சட்டம் போட்டதும் நீங்க.

கணவன்: ஆமா. சூட்டுல உள்ள இருக்கிற ஒவ்வொரு துணுக்கும் துடிச்சிக்கிட்டு விலகி நிக்கும். மெதுவா ஆறினா எல்லாம் ஒண்ணா அமரும். திடீர்னு குளிர்காத்து பட்டா, மேல இருக்கிறது சுருங்கிடும், உள்ள இருக்கிறது இன்னும் விரிஞ்சே நிக்கும். ஒண்ணையொண்ணு இழுத்து…

மனைவி: விரிசல். இதைப் பதினஞ்சு வருஷமா கேக்கறேன். எப்ப திறந்தீங்க?

கணவன்: விடியக்காலம். ஒரே ஒரு செங்கல். ஒரு நிமிஷம்… இல்ல, ரெண்டு.

மனைவி: எதுக்குங்க?

கணவன்: நாளைக்குப் பாத்துக்கலாம்னுதான் படுத்தேன். முடியல. அந்த அஞ்சு விரலை ஒரு தடவை பாத்துட்டு மூடிடலாம்னு…

மனைவி: பாத்தீங்களா?

கணவன்: அனல்ல கண்ணைத் திறக்க முடியல. சத்தம்தான் கேட்டுது. டிக்… டிக்னு.

மனைவி: எத்தனை?

கணவன்: ஏழு. மூடின பிறகும் ரெண்டு. வாசலுக்கு நேரா வைன்னு உங்கிட்ட சொன்னதே நான்தான். முதல் காத்து அவ கையிலதான் பட்டிருக்கும்… ஏதாவது திட்டேன்.

மனைவி: போய்க் கையைக் கழுவிட்டு வாங்க. மண்ணாயிருக்கு.

கணவன்: திட்டிடு. போயிடறேன்.

மனைவி: உடைஞ்சது கோப்பைதாங்க. அவ கை உள்ள இல்ல.

கணவன்: இல்லையா? நீதானே அடுக்கினே?

மனைவி: அடுக்கினேன். அதைக் கையில எடுத்தேன், வைக்கல. துணி அலமாரியில, அவ கம்பளிச் சட்டைக்குள்ள இருக்கு.

கணவன்: சுடாத மண்ணும்மா… ஒரு சொட்டுத் தண்ணி பட்டா கரைஞ்சிடும். விரிசல் விடும்னு பயந்தியா?

மனைவி: விரிசலுக்கு இல்லீங்க. வெந்த மண்ணு ஒடுங்கி, பத்துல ஒரு பங்கு குறைஞ்சு, சின்னதாதானே வெளிய வரும். காயறப்பவே அவ கை ஒரு நகத்தளவு குறைஞ்சு போச்சு. இதுக்கு மேல அவளைச் சின்னதாக்க எனக்கு மனசு வரல.