கெட்டுப்போகாத சுவிட்ச்

— இதுவும் வேணாம்னா எப்படி, பகலவன் சார்? டப்பாவுல இருந்த அத்தினியும் கொட்டிக் காட்டிட்டேன்.

— கோச்சுக்காதீங்க ஷாலினி. இந்த செவப்பு சுவிட்ச அமுக்கினா உள்ளயே நின்னுக்குது. கம்ப்யூட்டரு ஆன் ஆயி, அப்படியே ஆஃப் ஆயிரும். அமுக்கிட்டு கைய எடுத்தா வெளிய வந்துரணும்.

— எத்தினி வாட்டி வாங்கிக்கினு போயாச்சு, இப்ப எனக்கே பாடமா? இந்தாங்க, காலிங் பெல் சுவிட்சு. இது வெளிய வரும்.

— நல்லா இருக்குங்க. சாதிச் சான்று எடுக்க என் இ-சேவை சென்டருக்கு வர்றவங்கல்லாம், யாரு வராங்கன்னு வாசலப் பாத்துக்கினு நிப்பாங்க.

— போன தடவ குடுத்தது இன்னா ஆச்சு?

— மழைக்கு முன்னாடியே போயிருச்சு. ரெண்டு கம்பியையும் கையால ஒரசித்தான் ஆன் பண்ணிக்கினு இருக்கேன்.

— வெள்ளிமலைலேருந்து எறங்கற பஸ்ஸு கச்சிராயபாளையம் வழியாத்தான வருது. அங்க கடையே இல்லயா?

— இருக்குது. அவங்க சரக்கு சரியில்ல.

— எங்க சரக்கு ரொம்ப ஒழுங்காக்கும்.

— இங்கயே பழகிப் போச்சுங்க.

— சரி, இதப் புடிங்க. ஸ்டீலு. சுத்தி நீலமா லைட்டு எரியும். நாளைக்கு உங்களுக்குக் கல்யாணம் ஆயி, உங்க புள்ள வந்து அமுக்கினாலும் வேல செய்யும்.

— வெல ஜாஸ்தியா இருக்குமே.

— கம்மி பண்ணித் தரேன்.

— அவ்ளோ நாள் ஒழைக்கறது எனக்கு எதுக்குங்க? சாதாவே குடுங்க.

— சீக்கிரம் கெட்டுப் போறதாப் பாத்துக் குடுன்னு கேக்கற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்.

— கெட்டா வந்து மாத்திக்கினு போறேன். எனக்கு இன்னா கஷ்டம்?

— யார்கிட்ட வந்து மாத்துவீங்க? வெள்ளிக்கிழமையோட கடைய மூடறோம். அண்ணன் திருப்பூர்ல எடம் புடிச்சிருச்சு. வூட்டையும் காலி பண்றோம்.

— திருப்பூருக்கா.

— ஆமா. அதான் இத எடுத்துக்கினு போங்கன்றேன். இனிமே நீங்க அலைய வேணாம்.

— இது... புதுசா வந்த சரக்குங்களா?

— நீங்க மொத வாட்டி வந்தப்பவே இந்த அலமாரில இருந்துச்சு.

— அப்பவேவா? ஒவ்வொரு தடவையும் மலைய வுட்டு எறங்கி வந்துக்கினே இருக்கேன். ஒரு வாட்டி கூட எடுத்துக் காட்டலியேங்க.

— காட்டியிருந்தா, அப்பறம் நீங்க இன்னாத்துக்கு வருவீங்க?