அந்த முனை

— முனையைப் பிடின்னு குடுத்தா, அதையே பாத்துக்கிட்டு நிக்கறே! ஏய்... எங்க போயிட்ட?

— இங்கதான் அண்ணி இருக்கேன்.

— உடம்பு இங்க இருக்கு. ஆளைக் காணோம். அப்படி என்னத்த வாயைப் பொளந்து பாக்கற?

— மெஷின் கண்ணாடியை. உள்ள ஒரு நீலச் சட்டை சுத்துது பாருங்க. ஒவ்வொரு சுத்துக்கும் அதோட கை மட்டும் மேல வந்து டாட்டா காட்டிட்டுப் போகுது.

— சட்டைக்கு நீ டாட்டா காட்டிட்டு நின்னா, ஆஸ்பத்திரி ஷீட் அறுபதையும் யாரு மடிக்கறது? நாலு மணிக்கு வண்டி வந்து நிக்கும்.

— வெயில் இப்பத்தான் இஸ்திரி மேசைக்கு வந்திருக்கு அண்ணி. சோப்பு டப்பாவைத் தொட்டாத்தானே நாலு?

— அது தொடறப்ப தொடட்டும். நீ இழு. நல்லா உதறு. ம்... இப்ப வா.

— வந்துட்டேன்.

— குடு முனையை. கீழ் மடிப்பைப் பிடி. பின்னால போ... மறுபடி வா. அவ்வளவுதான். இதுக்குள்ள ஒரு கனவு!

— கனவு இல்ல. இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு இருக்கு. வுல் கேதரிங்.

— அப்படின்னா?

— மனசை எங்கேயோ விட்டுட்டு சும்மா நிக்கறது. வார்த்தைக்கு வார்த்தை பாத்தா, கம்பளிப் பஞ்சு பொறுக்கறது.

— அது என் வேலைடி! தினம் டிரையர் ஃபில்டர்லேருந்து ஒரு கூடைப் பஞ்சு எடுக்கறேன். எனக்கு இத்தனை இங்கிலீஷ் வரும்னு எனக்கே தெரியாமப் போச்சே.

— ஸ்... ஆ! தோள்ல இடிச்சிடுச்சு. அண்ணி, இந்தக் கொக்கி எப்ப வந்துச்சு சுவத்துல?

— வெள்ளிக்கிழமை.

— நான் பாக்கவே இல்லையே!

— இப்பல்லாம் நீ எதைத்தான் பாக்கறே?

— எதுக்கு இது?

— குடை மாட்ட.

— ரெண்டு இருக்கு?

— உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.

— இவ்வளவு தள்ளித் தள்ளியா?

— உன் குடையும் என் குடையும் சண்டை போட்டுக்கக் கூடாதுல்ல. கேள்வி கேக்கறது நான். எங்க அந்தக் கேள்விக் காகிதம்?

— வேணாம் அண்ணி. இன்னைக்கு ஒரு நாள் லீவு விடுங்க.

— லீவா? மூணு தடவை இன்டர்வியூவைத் தள்ளிப் போட்டாங்கன்னு நீதானே சொன்னே. திடீர்னு நாளைக்கே வான்னா? இருநூறு அறை ஓட்டல். அத்தனை ஷீட்டுக்கும் தலகாணி உறைக்கும் சூப்பர்வைசர் வேலை. அந்தம்மாவுக்கு லீவு கேக்குதாம் லீவு! வா. நான் ஆபீசர்.

— ஆபீசர் இப்படித்தான் இடுப்புல துண்டைச் செருகிட்டு நிப்பாங்களா?

— நிப்பாங்க. கேள்வி நம்பர் ஒண்ணு. உங்களைப் பத்திச் சொல்லுங்க. பேந்தப் பேந்த முழிக்காதே! பதில் வரலைன்னா, யோசிக்கறேன்னாவது அவங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தானே உங்க இங்கிலீஷ் கிளாஸ் டீச்சர் பக்கம் பூரா எழுதிக் குடுத்திருக்காங்க. ஏம்மா, யோசிக்கறதுக்கு இத்தனை வார்த்தையா? அவங்களுக்கெல்லாம் வேற வேலை வெட்டி இல்லையா?

— ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி யோசனை அண்ணி. இப்ப, ‘மல் ஓவர்’னா... அவசரப்படாம ஒரு விஷயத்தை மனசுக்குள்ளயே போட்டு வைக்கறது.

— ஊறப் போடறது.

— ‘ராக் யுவர் பிரெயின்’னா, வராத பதிலை எப்படியாவது...

— மூளையைக் கசக்கறது.

— ‘திங்க் இட் த்ரூ’னா, ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒண்ணு விடாம...

— அலசறது.

— இருங்க, முடிக்க விடுங்க! ‘ஸ்லீப் ஆன் இட்’னா, உடனே முடிவு சொல்லாம, தூங்கி எந்திரிச்சு அப்புறம்...

— ஆறப் போடறது. அடியே, இது நம்ம கடைதான்! ஊறப் போட்டு, கசக்கி, அலசி, ஆறப் போட்டு... சரி, மடிக்கறதுக்கு என்ன வார்த்தை?

— மடிக்கறதுக்கா... ‘மேக் அப் யுவர் மைண்ட்’னு வச்சுக்கலாம். முடிவு பண்றது.

— அதைச் சொல்லு. அதைப் பண்ணலைன்னா மத்ததெல்லாம் தண்ணிச் செலவு. இழு. உதறு. வா... இது என்ன, ‘செகண்ட் தாட்ஸ்’?

— முதல்ல ஒண்ணு சொல்லிட்டு, அப்புறம் மனசு மாறிடறது.

— உங்க அண்ணன். லாரியை எடுத்துட்டுத் தெரு முனை வரைக்கும் போயிட்டு, போர்வை வேணும்னு திரும்பி வருவாரே. போர்வையை எடுத்துக் குடுத்தா, வேணாம்னுட்டுப் போவாரு.

— ஹஹ்... பாவம் அண்ணி அண்ணன்.

— அடுத்தது. ப்... ரூட்.

— ‘ப்ரூட்’. கோழி அடைகாக்கற மாதிரி ஒரே விஷயத்தை வச்சுக்கிட்டு உக்காந்தே கிடக்கறது.

— இது நீ.

— நானா?

— ஒரு வாரமா எதையோ அடியில வச்சு உக்காந்திருக்கே. முட்டையா கல்லான்னுதான் தெரியல.

— ...டீ ஆறிப் போச்சு அண்ணி. குடிங்க.

— நீ பேச்சை ஆத்தாதே. கேள்வி நம்பர் நாலு. இப்ப பாக்கற வேலையை ஏன் விடறீங்க?

— லெட் மி... லெட் மி திங்க் ஃபார் எ மொமெண்ட்.

— திங்க் பண்ணுங்க. அதுவரைக்கும் ஆபீசர் ஒரு ஷீட் எடுத்துட்டு வராங்க. பிடி.

— பிடிக்காம விடல மேடம். வேலை ரொம்பப் பிடிக்கும். இது எங்க அண்ணியோட கடை. அவங்க எங்க வீட்டுக்கு வந்தப்ப எனக்கு ஒன்பது வயசு. அப்பலேருந்து ஷீட்டோட ஒரு முனையைப் பிடிச்சிட்டு நிக்கறேன்.

— ம்.

— அப்ப எனக்கு எட்டாது. வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல ஏத்தி நிறுத்துவாங்க. வாளியை விட்டு நான் இறங்கி வரக் கூடாதாம், தரையெல்லாம் ஈரமாம், வழுக்கிடுமாம். அதனால ஒவ்வொரு மடிப்புக்கும் அவங்களேதான் நடந்து நடந்து வருவாங்க.

— இதெல்லாம் இன்டர்வியூல சொல்லித் தொலைக்காதே. ஆபீசர் அழுதுடுவாங்க.

— ஆபீசர் இப்பவே அழறாங்க.

— சோப்புத் தூள்டி. கண்ணுல பட்டுடுச்சு. கேள்வி நம்பர் அஞ்சு. அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?

— இங்கதான். இதே முனையைப் பிடிச்சிட்டு.

— தப்பு!

— ஏன் தப்பு? காகிதத்துல வெறும் கேள்விதானே இருக்கு?

— பதில் இல்லைன்னாலும் இது தப்பு. எனக்குத் தெரியும். இதோ, உன் போன் துடிக்குது.

— துடிக்கட்டும்.

— யாரு?

— பட்டன் கடைக்காரர்.

— காலைலேருந்து மூணாவது தடவை. அப்படி என்ன பட்டன்? எடு.

— அப்புறம் பேசிக்கறேன் அண்ணி... பாருங்க, நின்னுடுச்சு.

— போன செவ்வாக்கிழமை பின்பக்கம் போய் நின்னுக்கிட்டு அரை மணி நேரம் பேசினியே. அதுவும் பட்டன் கடைக்காரர்தானா?

— ம்.

— அவரை நீ ‘யெஸ் மேடம்’, ‘தேங்க்யூ மேடம்’னா கூப்பிடுவ? இதுக்குப் பேரு என்ன? பாண்டரிங்கா, ஆழமா யோசிக்கறதுன்னு போட்டிருக்கே, அதுவா?

— அண்ணி...

— சொல்லு கண்ணு.

— இன்டர்வியூ முடிஞ்சு போச்சு அண்ணி. தள்ளிப் போடவே இல்ல. செவ்வாக்கிழமையே போன்ல கேட்டாங்க. என்னை எடுத்துட்டாங்க.

— நாலாவது கேள்வி கேட்டாங்களா?

— கேட்டாங்க. எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன். கடைசியா, எப்ப வர்றீங்கன்னாங்க. அதுக்கு மட்டும், ‘லெட் மி ஸ்லீப் ஆன் இட்’னு சொல்லி வச்சுட்டேன்.

— எத்தனை நாளா தூங்கற?

— ஏழு நாளா ஒரு பொட்டுத் தூக்கமில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுன்னாங்க. நான் போனே எடுக்கல. அவங்களே வேற ஆளைப் போட்டுடுவாங்க, எனக்கும் நிம்மதியாயிடும்னு இருந்தேன். ஆனா இன்னைக்கும் கூப்பிடறாங்க. ஏன்னே புரியல.

— எனக்குப் புரியுது.

— என்ன?

— நீ போனை எடுக்கலைன்னா அவங்க கடை போனுக்கு அடிக்க மாட்டாங்களா? வெள்ளிக்கிழமை நீ கிளாசுக்குப் போன நேரம். ஒரு அம்மா. முழுக்க முழுக்க இங்கிலீஷ்.

— ஐயையோ! நீங்க என்ன சொன்னீங்க?

— நான் என்ன சொல்லுவேன்? ரெண்டு மாசமா நீ உரக்கப் படிக்கறதைக் கேட்டுக்கிட்டே இஸ்திரி போட்டவ. ‘ஷி இஸ் திங்கிங் மேடம்’னேன். ‘ஸ்டில்?’னாங்க, இன்னுமாங்கற மாதிரி. ‘மல்லிங்’னேன். அப்பவும் அவங்க போனை வைக்கல. ‘பாண்டரிங்’னேன். எனக்குன்னா பயம், காகிதத்துல இருக்கறது தீந்து போச்சுன்னா என்ன பண்றதுன்னு. ஒண்ணொண்ணா எடுத்து விட்டு, ‘வுல் கேதரிங்’ வரைக்கும் போயிட்டேன்.

— வுல் கேதரிங்கா! சூப்பர்வைசர் வேலைக்குப் போறவளைப் பத்தியா! இப்பத்தானே அப்படின்னா என்னன்னு என்னைக் கேட்டீங்க?

— அர்த்தம் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனா? ஆனா அந்தம்மா அதுக்குத்தான் சிரிச்சாங்க. நல்ல சிரிப்பு. ‘ஓகே. டியூஸ்டே, ஃபோர் ஓ கிளாக்’னாங்க. அது எனக்கே புரிஞ்சுது.

— இன்னைக்கு செவ்வாய்.

— சோப்பு டப்பாவைப் பாரு. வெயில் இன்னும் ஒரு சாண் தள்ளி நிக்குது.

— எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் ஆபீசர் வேஷம் போட்டீங்க?

— நீயா வாயைத் திறப்பேன்னு பாத்தேன். நாலு நாளா நாலாவது கேள்வியையே கேட்டுட்டிருக்கேன், நீ கண்டுக்கவே இல்ல.

— நான் போகல அண்ணி.

— ஏன்?

— லெட் மி...

— அதெல்லாம் வேணாம். நேரா சொல்லு.

— தினம் அறுபது ஷீட். ஒருத்தரால மடிக்கவே முடியாது. நான் போயிட்டா இந்த முனையை யாரு பிடிப்பா? அண்ணன் மாசத்துல இருபது நாள் ரோட்டுல.

— மீதி பத்து நாள் இருந்து மட்டும்? மடிக்கச் சொன்னா பொட்டலம் கட்டி வைப்பாரு. அதை விடு. உனக்குப் போக ஆசை இருக்கா, இல்லையா?

— இருக்கு. ரொம்ப இருக்கு அண்ணி. அதான் பயமா இருக்கு.

— எப்படி இருக்கும் அந்த இடம்?

— நான் எங்க பாத்தேன்? ஆனா இந்த மெஷின் சுத்தறதைப் பாத்துட்டே இருந்தா, கண்ணாடிக்குள்ள அது தெரியுது. நீளமா ஒரு நடை. ரெண்டு பக்கமும் கதவு கதவா போயிட்டே இருக்கு. ஜன்னல் எங்கன்னு தெரியல, ஆனா எங்கேருந்தோ வெளிச்சம் வருது. கையில சாவிக் கொத்தை வச்சுக்கிட்டு நான் நடக்கறேன்... ஷீட் மடிக்கறதுக்கு அங்க பெரிய மெஷினாம். ரெண்டு முனையையும் அதுவே பிடிச்சுக்குமாம்.

— என்ன செருப்பு?

— என்னது?

— நடக்கறியே, கால்ல என்ன செருப்பு?

— கறுப்பு. சத்தம் வராத செருப்பு.

— செருப்பு வரைக்கும் யோசிச்சு முடிச்சிட்டே. இதுக்கு மேல யோசிக்க என்னடி இருக்கு? இதோ, மறுபடி துடிக்குது. எடு.

— அண்ணி...

— அந்த ஷீட்டை என்கிட்ட குடு. ரெண்டு கையாலயும் போனைப் பிடி. எடு.

— ஹலோ... யெஸ் மேடம்... சாரி மேடம்... யெஸ், ஐ ஹாவ் தாட் இட் த்ரூ... ஃபர்ஸ்ட்? ...யெஸ். யெஸ் மேடம். ஐ வில் கம்... ஓ, தட்? தட் வாஸ் மை அண்ணி, மேடம்... ஐ வில் டெல் ஹர். தேங்க்யூ மேடம்.

— என்னைப் பத்தி என்ன கேட்டாங்க?

— அன்னைக்குப் போன்ல பேசினது யாருன்னு. அவங்களுக்கும் வேலை வேணுமான்னு கேட்டுச் சொல்லச் சொன்னாங்க.

— ‘ஷி இஸ் திங்கிங்’னு சொல்லிடு.

— அண்ணி! சிரிக்க வைக்காதீங்க, எனக்கு அழுகையா வருது.

— ரெண்டையும் சேத்துப் பண்ணு, யாரு வேணாம்னா? என்னைக்குப் போகணும்?

— ஒண்ணாம் தேதி. பத்து நாள் கூட இல்ல.

— வண்டிச் சத்தம் கேக்குது. இன்னும் மூணு ஷீட் பாக்கி. பிடி.

— பேச்சை மாத்தாதீங்க. நான் யெஸ்னு சொல்லிட்டேன், இனிமே நீங்க உண்மையைச் சொல்லணும். உங்களுக்கு யாரு பிடிப்பாங்க?

— குடை மாட்டறதுக்குன்னு ரெண்டு கொக்கி அடிச்சேன்ல...

— ...அண்ணி.

— வெள்ளிக்கிழமை அந்தம்மா போனை வச்சதும் அடிச்சேன். நீ கிளாசுக்குப் போற நேரமா பாத்து, முனையை அதுல மாட்டி மாட்டிப் பழகிட்டேன். நல்லாவே பிடிச்சுக்குது. என்ன, வான்னு கூப்பிட்டா அது வராது. மொத்த தூரமும் நான்தான் நடக்கணும்.