தொண்ணூற்றெட்டு மார்க்ஸ்

மெல்பேணில், வெரிபீ போகும் ரயிலில் என் முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருந்தார்கள்.

“என்ர மனுசனுக்கு மெஷின் தொண்ணூற்றெட்டு மார்க்ஸ் போட்டது, அக்கா.”

“என்ன மெஷின்?”

“பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ ஆக்களின்ர கரோக்கி, பாட்டுக்கு மார்க்ஸ் போடுறது. சோறு இல்லாட்டியும் அது இருக்கும். பிறந்தநாளுக்குப் போனால் பாடாமல் வெளிய விடாயினம்.”

“வேலை போனதிலயிருந்து வாய் திறக்காத மனுசனெல்லே?”

“ஓம். மைக்கைக் குடுத்துப்போட்டு எல்லாரும் கை தட்டிச்சினம். இங்கிலிஷ் மெட்டுக்குத் தமிழில கத்தினார்.”

“அதுக்கோ தொண்ணூற்றெட்டு?”

“ஆர் கத்தினாலும் போடும். ஆனால் ஒருத்தரும் நக்கலடிக்கேல்லை, அக்கா. அப்பிடிச் சனம். இண்டைக்கு விடிய நான் சமைக்கேக்க குசினிக்குள்ள வந்து, அங்க அடுத்த பிறந்தநாள் ஆருக்கெண்டு கேக்கிறார்.”

அக்கா அவள் பக்கம் திரும்பினார்.

“கேட்டுச் சொல்லு. நானும் என்ர மனுசனைக் கூட்டிக்கொண்டு வாறன்.”