நூத்துக்கு நூறும் ஒரு வார்த்தையும்

"...கணக்குல நூத்துக்கு நூறுங்க. நூத்துக்கு நூறு! என்னா பிரயோசனம் சொல்லுங்க? வாயத் தொறந்தாத்தான?"

அல்போன்ஸ் இப்படிக் கேட்டதும், எதிரில் உட்கார்ந்திருந்த நஞ்சப்பன் இட்லியை விழுங்கிவிட்டுத் தலையாட்டினார். அவர் சேலத்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர். அல்போன்சிடம் அதுவரைக்கும்தான் அவரால் சொல்ல முடிந்தது. கணவாயில் லாரி ஒன்று குறுக்கே சாய்ந்து கிடந்ததால் தர்மபுரியிலிருந்து வந்த பஸ்ஸைத் தொப்பூரில் ஓட்டல் முன்னால் ஓரங்கட்டியிருந்தார்கள். அல்போன்சின் மகள் இசபெல்லா, சர்ட்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே இருந்தாள். சேலத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் அன்றைக்கு அவளுக்கு இன்டர்வியூ.

அல்போன்சுக்கு மகள் மேல் ஆற்றாமை. கணக்கு படித்தவன் கடைசிவரை கணக்கு எழுதத்தான் லாயக்கு, பேசத் தெரிந்தவன்தான் அவனை வேலைக்கு வைக்கிறவன் என்றார். அவர் ஊர் மாயவன் ஏழாம் வாய்ப்பாடு கேட்டால் வயிற்றுவலி என்று ஓடுகிறவனாம்.

"இன்னைக்கி பஞ்சாயத்துத் தலைவருங்க! புல்லட்டுல போறான். மைக்கப் புடிச்சான்னா பொணம் எந்திரிச்சிக் கைதட்டும். நம்ம பொண்ணு? பெரிய பெரிய கணக்கெல்லாம் மனசுலயே போட்டுருவா. வூட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு கூப்புட மாட்டா. இவ எப்படிங்க பொழைக்கறது?"

அல்போன்சுக்குப் பேச்சில் குறைவில்லை. ஆனால் அந்தப் பேச்சை வைத்து அவர் இதுவரை ஒரு மாட்டைக்கூட விற்றதில்லை. வாங்க வந்தவன் விலை கேட்பதற்குள் மாட்டின் பாட்டி கதையைக் கேட்டுச் சலித்துத் திரும்பிவிடுவான். கோயிலில் பூசை முடிந்ததும் சாமியாரே பின்வாசல் வழியாகத்தான் போவார்.

போன இரண்டு இன்டர்வியூவும் கைநழுவிய கதைக்கு அவர் வந்தபோது, பேச்சு இன்னும் சூடு பிடித்தது.

"பேரென்னம்மான்னு கேக்கறாங்க. இவ எச்சியக் கூட்டி முழுங்கறா. சும்மா இருக்க முடியுங்களா? நானே பேரச் சொன்னன். எங்க படிச்சன்னு கேட்டாங்க, அதையும் சொன்னன். அப்பறம் இவ எப்படிப்பட்ட புள்ள, நாங்க எப்படிப்பட்ட குடும்பம்னு எடுத்துச் சொல்லிக்கிட்டே இருந்தன். அந்த ஆபீசரு கண்ணாடியக் கழட்டிவெச்சிட்டு, 'வேல உங்களுக்கா, பொண்ணுக்கா'ன்னு கேக்கறாரு. பாருங்க, தகப்பன் கூட இருந்தும் இந்தக் கதி. தனியா வுட்டா என்ன ஆவும்?"

நஞ்சப்பன் கை கழுவ எழுந்து போனார். அல்போன்ஸ் அவர் முதுகைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். ஆள் திரும்பவில்லை. பக்கத்து மேசையில் ஒரு லாரி டிரைவர் வந்து உட்காரவே, விட்ட இடத்திலிருந்து அவரிடம் தொடர்ந்தார். மாயவனின் புல்லட்டுக்கு மறுபடி வந்தபோதுதான் வாசலைப் பார்த்தார். பஸ் நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

அவர் எழுந்து ரோட்டுக்கு ஓடினார். புள்ள தனியா, வாயில்லாப் பூச்சி, இறங்கற எடத்தக்கூடக் கேக்க மாட்டாளே என்று புலம்பியபடி அடுத்து வந்த பஸ்ஸில் தொற்றினார். சேலம் வரைக்கும் முதல்முறையாக யாரிடமும் பேசவில்லை.

மில் வாசலுக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தவர், வாட்ச்மேனிடம், பாவாடை தாவணியில் ஒரு பொண்ணு அழுதுகிட்டு வந்துச்சா, அதுக்குப் பேச வராது என்று ஆரம்பித்தார்.

"மஞ்சத் தாவணியா? அழுவலியே. உள்ளாற மேனேஜர்கிட்ட ரொம்ப நேரமாப் பேசிக்கிட்டிருக்குதுங்க" என்றார் வாட்ச்மேன்.

கொஞ்ச நேரத்தில் இசபெல்லா வெளியே வந்தாள். திங்கட்கிழமை வேலையில் சேரச் சொல்லிவிட்டார்களாம். அல்போன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டார். பிறகு கோபம் வந்தது. ஆள் ஏறினானா இல்லையா என்று பார்க்காமல் வண்டியை எடுத்த அந்தக் கண்டக்டரைச் சும்மா விடப்போவதில்லை, டிப்போவுக்கே போய்ப் பேசிவிடுகிறேன் என்று கிளம்பினார்.

"அவரு மேல தப்பில்லப்பா" என்றாள் இசபெல்லா. "உங்கப்பா ஏறிட்டாரான்னு என்னக் கேட்டுட்டுத்தான் விசிலடிச்சாரு."

"நீ என்னா சொன்ன?"

"ஏறிட்டாருன்னேன்."